மாதா நண்டு

நண்டு செத்தால் விலை பாதி. செத்து வெயிலில் கிடந்தால் விலையே இல்லை. நாய்கூட ஒருமுறை முகர்ந்துவிட்டுத் தன் வழியில் போய்விடும். எங்கள் கரையில் பிறந்த எவருக்கும் இதைச் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. ஐஸ் யாரிடம் இருக்கிறதோ அவரிடம்தான் நண்டு போகும். நண்டு எங்கே போகிறதோ அங்கேதான் நாங்களும் கைகட்டிக்கொண்டு போய் நிற்போம்.

நான் உயர்தர வகுப்புக்குப் பொருளியல் படிப்பிக்கிறவள். ஆண்டுதோறும் கரும்பலகையில் இரண்டு படம் கீறுவேன். ஒன்று நிறைபோட்டி: எல்லோரும் சின்னவர்கள், ஒருவராலும் விலையை அசைக்க முடியாது. மற்றது தனியுரிமை: ஒருவர் மட்டும்தான், விலை அவர் வாயிலிருந்து வரும். இரண்டுக்கும் நடுவே ஒரு சொல் இருக்கிறது, சந்தை ஆதிக்கம். மற்றவர்களும் சந்தையில் இருக்கலாம், ஆனால் அவர்களைத் திரும்பிப் பார்க்காமலே ஒருவர் தன் விலையைச் சொல்லக்கூடிய நிலை. பிள்ளைகள் உதாரணம் கேட்டால் முன்பெல்லாம் ஏதாவது வெளிநாட்டுக் கொம்பனியைச் சொல்வேன். இப்போது அந்த இடம் வந்தால் ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுகிறேன். வகுப்பில் இருக்கிற பிள்ளைகளில் பாதிப் பேருடைய தகப்பன்மார் என் அக்காவின் வாடியை மூடவைத்தவர்கள். மற்றப் பாதி வயல்காரரின் பிள்ளைகள், அவர்களுக்கு இந்தக் கதை தெரியாது.

மன்னார்ப் பக்கம் அரிப்பு என்ற ஊருக்குத் தெற்கே, கரையில் படகு இழுத்து விடுகிற ஊர்களில் எங்களுடையதும் ஒன்று. வாடி என்றால் வேறொன்றுமில்லை, தகரமும் தென்னங்கிடுகும் போட்டு, தராசு தொங்கவிட்டு, வருகிற மீனையும் நண்டையும் நிறுத்து வாங்குகிற கொட்டில். ஒரு காலத்தில் எங்கள் கரையில் இப்படிப் பல வாடிகள் இருந்தன. மண்ணெண்ணெய்க்கு நாடே வரிசையில் நின்ற அந்த ஆண்டில் அவை ஒவ்வொன்றாகப் படுத்துவிட்டன. வெளியூர் வியாபாரிகளின் லொறிகள் வரவில்லை. மன்னாரிலிருந்து ஐஸ் வரவில்லை. வந்து நின்றவர் ஒருவர்தான்.

அவரை எல்லோரும் ஐஸ் முதலாளி என்போம். பக்கத்து ஊரில் சின்னதாக ஓர் ஐஸ் ஆலை வைத்திருந்தார். எங்கிருந்தோ மண்ணெண்ணெய் தேடிக்கொண்டு வந்து படகுகளுக்குப் பங்கிட்டார். ஐஸ் கொடுத்தார். பிடித்துவந்த நண்டை ஒரு நாளும் தட்டிக்கழிக்காமல் எடுத்தார். கெட்ட மனிதர் என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். வெள்ளைச் சாரமும் மடிப்புக் குலையாத சேட்டுமாக முதல் பூசைக்கு வருவார், கோயிலில் முன்வரிசை வாங்கில் இருக்கமாட்டார், நடுவில் இருப்பார். யாரையும் அதட்டிப் பேசி நான் கேட்டதில்லை. எங்கள் ஊர் அந்த ஆண்டு பட்டினி கிடக்காததற்கு அவர்தான் காரணம் என்பதை என் அக்காவே ஒத்துக்கொள்வாள்.

மண்ணெண்ணெய் திரும்பவும் கிடைத்தது. வாடிகள் திரும்பி வரவில்லை. விடியற்காலையில் படகு இறக்கும்போது முதலாளியின் ஐஸ் பெட்டிகள் கரையில் தயாராக இருக்கும், யாரும் எடுக்கலாம். எடுத்தவன் நண்டை அங்கேதான் கொண்டுபோக வேண்டும் என்று எவரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியும் இருக்கவில்லை. விலை மெல்ல மெல்ல இறங்கியது. ஒரே நாளில் இறங்கியிருந்தால் ஒருவேளை சத்தம் போட்டிருப்போம்.

அவருடைய வாடியில் ஒரு வழக்கம் இருந்தது. நிறுத்து முடிந்ததும் அவருடைய ஆள் கூடைக்குள் கையை விட்டு ஒரு நண்டை எடுப்பான், எப்போதும் உள்ளதிலேயே பெரியதை. எடுத்துத் தனியாக இருக்கிற நீலக் கூடைக்குள் போடுவான், அதன் நிறை நம் கணக்கில் கழியும். அதற்கு மாதா நண்டு என்று பெயர். மாதா கோயில் திருநாளுக்காம். அந்த நண்டுகளின் காசில்தான் கொடியேற்றத்துக்குப் புதுக் கொடி, வாணவேடிக்கை, தேருக்குச் சோடனை எல்லாம் நடக்கும். திருநாளன்று கோயில் வாசலில் பெரிய பதாகை கட்டியிருக்கும்: உபயம், முதலாளியின் பெயர். ஊரார் எல்லோருடைய கூடையிலிருந்தும் எடுத்த நண்டுகள் பதாகையில் ஏறும்போது ஒருவருடைய தர்மமாக மாறிவிடும். கோயிலும் அதைக் கேட்டதில்லை, வேண்டாமென்றும் சொன்னதில்லை.

அந்த மாதா நண்டைத் திட்டாத வீடு எங்கள் ஊரில் இல்லை. நண்டு கழற்றுகிற பெண்கள் வலைக்கு முன்னால் குந்தியிருந்து திட்டுவார்கள். ஆண்கள் கள்ளுக்குப் பிறகு திட்டுவார்கள். மாதாவைத் திட்டக்கூடாது என்பதற்காக எடுக்கிறவனைத் திட்டுவார்கள்.

இந்தத் திட்டுகளை நம்பித்தான் என் அக்கா கெட்டுப்போனாள்.

அக்கா என்னைவிட எட்டு வயது மூத்தவள். பள்ளிக்கூடத்தை அரைவாசியில் விட்டுவிட்டு நண்டு கழற்றப் போனவள். அந்தக் காசில்தான் நான் படித்தேன். வலையில் சிக்கிய நண்டைக் கால் முறியாமல் கழற்றுவதில் அவளுக்கு நிகர் கிடையாது. கையில் ஒருமுறை தூக்கிப் பார்த்தே உள்ளே சதை இருக்கிறதா, வெறும் ஓடா என்று சொல்லிவிடுவாள். விரல்கள் முழுக்க நண்டு கடித்த தழும்பு. வாயும் அப்படித்தான், கடித்தால் தழும்பு விழும். அத்தான் அவளுக்கு நேர்மாறு. நல்ல கடற்காரர், கரைக்கு வந்தால் வாயைத் திறக்கமாட்டார். யார் எதைச் சொன்னாலும் ஒரு சிரிப்பு, அவ்வளவுதான்.

"ஊரே நெஞ்சுக்குள்ள வேகுது. ஆராவது ஒராள் துவங்கினாப் போதும், எல்லாரும் வருவினம்" என்றாள் அக்கா.

"பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து எண்டுதான் எங்கட ஆக்கள்" என்றேன்.

"நீ படம் கீறிக் கீறி மனிசரையும் கோடாத்தான் பாக்கிறாய்."

அம்மா சீதனமாகக் கொடுத்த பனங்காணியை அவள் விற்றாள். அத்தான் வேண்டாமென்றும் சொல்லவில்லை, சரியென்றும் சொல்லவில்லை. அந்தக் காசில் தகரமும் தராசும் ஐஸ் பெட்டிகளும் வந்தன. மன்னாரிலிருந்து ஐஸ் கொண்டுவந்து இறக்கிவிட்டு, மாலையில் நண்டை ஏற்றிக்கொண்டு போக ஒரு லொறிக்காரனோடு பேசிக்கொண்டாள். அந்த லொறிக்காரன் போட்ட ஒரே நிபந்தனை, லொறி நிறைய நண்டு இருக்கவேண்டும். அரை லொறிக்கு அவ்வளவு தூரம் வரமாட்டான். அதெல்லாம் ஒரு பிரச்சினையா என்று அக்கா சிரித்தாள்.

வாடி திறந்த அன்று, தராசுக்குப் பக்கத்தில் நின்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்: "இஞ்ச மாதா நண்டு எடுக்கிறேல்லை. நிறுத்த நண்டு முழுக்க உங்கட நண்டு."

எனக்குப் பெருமையாக இருந்தது. கூடியிருந்தவர்களும் சிரித்தார்கள். ஆனால் அந்தச் சிரிப்பு ஒரு கணம் பிந்தி வந்தது. அப்போது நான் அதை ஒரு பொருட்டாக எடுக்கவில்லை.

முதல் வாரம் கூட்டம் நெரிந்தது. முதலாளியின் விலையைவிடக் கொஞ்சம் கூட்டிக் கொடுத்தாள், தண்ணீர்க் கழிவு என்று நிறையில் வெட்டவில்லை, மாதா நண்டும் இல்லை. லொறி நிறைந்து போனது. பின்னேரங்களில் அக்கா என் வீட்டுக்கு வந்து காலை நீட்டிக்கொண்டு இருந்து தேத்தண்ணி கேட்பாள். அவள் கேட்டு வாங்கிக் குடித்ததை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. அந்தக் கிழமை என் அக்கா அழகாக இருந்தாள்.

பிறகு ஒரு நாள் முதலாளி வந்தார். தனியாக, நடந்து. நான் அன்று பள்ளிக்கூடம் முடிந்து அங்கேதான் நின்றேன். அக்கா கதிரையைத் துடைத்துப் போட்டாள். அவர் இருந்தார், வாடியைச் சுற்றிப் பார்த்தார், தராசின் கொழுக்கியைத் தொட்டுப் பார்த்தார்.

"நல்லாச் செய்திருக்கிறீங்கள் தங்கச்சி. எனக்குச் சந்தோசம். நான் ஒராளே எல்லாத்தையும் இழுத்துக்கொண்டு எத்தினை நாளைக்கு நிக்கிறது?"

"உங்களுக்குக் கோவமில்லையோ முதலாளி?"

"கோவமோ? கடல் என்ன என்ர வீட்டுக் கிணறோ? மன்னார் லொறி பிந்தினா சொல்லுங்கோ, ஐஸ் நான் தாறன். காசுக்குத்தான். சும்மா தந்தா நீங்கள் வாங்கமாட்டீங்கள்."

தேத்தண்ணியை மிச்சம் வைக்காமல் குடித்துவிட்டுப் போனார். மறுநாள் விலையைக் கூட்டினார்.

அக்கா கொடுத்ததைவிடக் கூட்டினார். அக்காவும் கூட்டினாள். அவர் இன்னும் கூட்டினார். அக்கா வாங்குகிற விலைக்கும் மன்னாரில் விற்கிற விலைக்கும் நடுவில் ஒரு மயிரிழைதான் மிஞ்சியது. அவர் அந்த இழையையும் தாண்டிப் போனார். நட்டத்துக்கு வாங்குகிறார் என்பது கூடை தூக்குகிற எவனுக்கும் தெரியும். அவருக்கு இந்தக் கரை ஒன்றில் நட்டம், வேறு நாலு கரைகளில் இலாபம். அக்காவுக்கு இந்தக் கரை மட்டும்தான். அரசன் அன்று கொல்வான், தெய்வம் நின்று கொல்லும் என்பார்கள். முதலாளி இந்த விஷயத்தில் தெய்வத்தின் பக்கம்.

கூடைகள் அவர் பக்கம் திரும்பின. அதை நான் பிழை சொல்லவில்லை. பிள்ளைகுட்டிக்காரர், கூடக் கொடுக்கிற இடத்துக்குப் போவார்கள். எனக்கு வயிறு எரிந்தது அவர்கள் சொன்ன காரணத்தைக் கேட்டுத்தான்.

"முதலாளி கூட்டிக் குடுக்கிறார் எண்டு போகேல்லை அக்கா" என்றார் ஒருவர், அக்கா கொடுத்திருந்த ஐஸ் பெட்டியை வெறுமையாகத் திருப்பிக் கொண்டுவந்து வைத்துக்கொண்டு. "வீட்டில சொல்லுறா, மாதாவுக்கு எடுக்காத இடத்தில நிறுத்தா வலை கிழியுமாம். எனக்கு உதில நம்பிக்கையில்லை. ஆனா பொம்பிளையளின்ர வாயை மூடேலாதுதானே."

அடுத்தவரும் அதைத்தான் சொன்னார். அதற்கடுத்தவருடைய எஞ்சின் பழுதாகிப்போனதற்கும் அக்காவின் வாடிதான் காரணமாயிற்று. மாதா நண்டைத் திட்டித் தீர்த்த அதே வாய்கள், அது இல்லாத வாடியில் ஆசீர்வாதம் இல்லை என்று கண்டுபிடித்துவிட்டன. பேராசைக்குச் செபமாலை போட்டுவிட்டால் அது பக்தியாகிவிடும். முதலாளி இதைப்பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பிடித்துச் சண்டை போட்டிருக்கலாம்.

"நீயும் எடு" என்றேன் அக்காவிடம். "சின்னதா ஒரு நண்டு. வாய்கள் மூடும்."

"எடுக்கமாட்டன் எண்டு சொல்லித்தானே திறந்தனான்."

அவளுக்கு அந்த ஒரு சொல்தான் மிச்சம் இருந்தது, அதையும் விற்கச் சொல்கிறேனே என்று என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு நான் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

இனி நான் சொல்லப்போவதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறாதது. நண்டு கொண்டுவராதவர்கள் ஆள்மட்டும் வந்துகொண்டிருந்தார்கள். காலையில் கூடையை முதலாளியின் வாடிக்கு முன்னால் இறக்கிவைத்துவிட்டு, அக்காவின் வாடிக்கு நடந்து வருவார்கள். "இண்டைக்கு என்ன விலை அக்கா?" என்பார்கள். அவள் சொல்வாள். அதைக் கேட்டுக்கொண்டு திரும்பிப்போய் முதலாளியிடம், அக்கா இவ்வளவு தாறா என்று சொல்வார்கள். அவர் சிரித்துக்கொண்டே மேலே ஒரு படி ஏற்றுவார். என் அக்காவின் வாடி விலை கேட்கிற இடமாயிற்று, விற்கிற இடம் வேறு. அவள் கூடச் சொல்லச் சொல்ல அவர்களுக்கு வருமானம் ஏறியது.

"நீங்கள் இருக்கிறபடியாத்தான் அக்கா நாங்கள் நாலு காசு காணுறம்" என்று ஒரு பெண் வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். "எந்தக் கஷ்டம் வந்தாலும் மூடிப்போடாதேங்கோ. உங்களுக்காக மாதாவுக்கு மெழுகுதிரி கொளுத்தினனான்."

"உன்ர மனிசன்ர நண்டு எங்க?" என்று கேட்டாள் அக்கா.

அவள் கையை விட்டுவிட்டாள். மெழுகுதிரி கொளுத்தினேன் என்று சொன்னது பொய்யில்லை, நானே கோயிலில் பார்த்தேன். அவள் உண்மையாகவே வேண்டிக்கொண்டாள். அக்கா தொடர்ந்து எரியவேண்டும், அந்த வெளிச்சத்தில் ஊர் சோறு சாப்பிடவேண்டும். நான் வகுப்பில் போட்டியினால் சமூகம் அடையும் நன்மை என்று ஒரு பந்தி சொல்லிக் கொடுப்பேன். போட்டி போடுகிறவருக்கு என்ன ஆகும் என்று அந்தப் பந்தியில் இல்லை.

கோபம் தாங்காமல் மன்னாருக்குப் போனேன். என்னோடு பள்ளிக்கூடத்தில் படித்த ஒருத்தி அங்கே சட்டத்தரணியாக இருக்கிறாள். நல்லவள், கெட்டிக்காரி. எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டாள்.

"அவர் பெரிய ஆளா இருக்கிறது குற்றமில்லை" என்றாள். "எந்த நாட்டுச் சட்டத்திலயும் அது குற்றமில்லை. பெரிய ஆளா இருந்துகொண்டு அதை வச்சு என்ன செய்யிறார் எண்டதுதான் கேள்வி. எங்கட சட்டத்தில அதுவும் மெல்லிசு. சரி, என்ன செய்யிறார்?"

"விலையைக் கூட்டுறார்."

"விக்கிற விலையையோ?"

"இல்லை. வாங்கிற விலையை."

பேனையை மேசையில் வைத்துவிட்டாள். "மீன்பிடிக்கிற சனத்துக்குக் கூடக் காசு குடுக்கிறார் எண்டு முறைப்பாடு எழுதச் சொல்லுறாய். அப்பிடித்தானே?"

"நாளைக்கு இறக்கிப்போடுவார்."

"இறக்கினாப் பிறகு வா."

"இறக்கேக்க அக்கா இருக்கமாட்டா."

"அப்ப முறைப்பாடு செய்ய ஆளும் இல்லை" என்றாள். சொன்ன பிறகு அவளுக்கே அது பிடிக்கவில்லை போலிருந்தது. எழுந்துபோய் யன்னலைத் திறந்தாள். "முதல் கேள்வியே இன்னும் இருக்கு. எந்தச் சந்தையில அவர் பெரியவர்? மன்னார் முழுக்கப் பாத்தா நண்டு வாங்கிற ஆக்கள் எத்தினையோ பேர். கொழும்புக் கணக்கில பாத்தா அவர் ஒரு தூசு. உங்கட ஊர்ச் சனம் மன்னாருக்குக் கொண்டுவந்து விக்கக்கூடாதெண்டு அவர் மறிச்சவரோ?"

"அவ்வளவு தூரம் வந்தா நண்டு செத்துப்போயிடும். ஐஸ் கரையிற தூரந்தான் எங்கட சந்தை."

"அது நண்டின்ர பிரச்சினை. அவற்ற பிரச்சினை இல்லை எண்டு அவற்ற லோயர் சொல்லுவார். நான் அவற்ற லோயரா இருந்தா நானும் அதைத்தான் சொல்லுவன்." கடைசியில் ஒரு வழி சொன்னாள். ஊரில் யாராவது ஒரு கடற்தொழிலாளி, தனக்கு இதனால் பாதிப்பு இருக்கிறது என்று வாயால் சொல்லவேண்டும். ஒருவர் போதும், அதை வைத்து அவள் எதையாவது தொடங்கிப் பார்ப்பாள்.

வீடு வீடாகப் போனேன். எல்லா வீட்டிலும் கதிரை போட்டார்கள், குடிக்கத் தந்தார்கள். சில வீடுகளில் புதுத் தொலைக்காட்சி இருந்தது. "எங்களுக்கு என்ன குறை ரீச்சர்?" என்று கேட்டார்கள். அதில் நக்கல் இல்லை, உண்மையாகவே கேட்டார்கள். பிள்ளையின் சோதனைப் புள்ளி எப்படி என்றும் விசாரித்தார்கள். விலை இறங்கும் என்று விளக்கினேன், படம்கூடக் கீறிக் காட்டினேன். "அதுக்குத்தானே அக்கா இருக்கிறா" என்றார்கள்.

கடைசியாக அத்தானிடமே கேட்டேன். அவரும் கடற்தொழிலாளிதானே. அவர் வலைக்கு ஈயம் கட்டிக்கொண்டிருந்தார். சிரித்தார்.

லொறிக்கு நண்டு போதாமல் வரத் தொடங்கியது. அத்தானுடையதும், எங்கள் சொந்தக்காரர் இரண்டு மூன்று பேருடையதும்தான். லொறிக்காரன் ஒரு நாள் விட்டு ஒரு நாள் வந்தான், பிறகு கேட்டால் மட்டும் வந்தான். ஒரு நாள் வருகிறேன் என்று சொல்லிவிட்டு வரவில்லை. ஐஸ் முழுக்கக் கரைந்து பெட்டியில் தண்ணீராக நின்றது. நான் ஓடிப்போய் முதலாளியிடம் ஐஸ் வாங்கி வரவா என்று கேட்டேன். அவர் தருவார், அதில் சந்தேகமே இல்லை. அக்கா வேண்டாமென்றாள். அன்று வாங்கிய நண்டெல்லாம் பெட்டியிலேயே நாறியது. அவற்றைக் கடற்கரையில் குழி தோண்டிப் புதைத்தாள். யாரும் உதவிக்கு வரவில்லை, மணம் தாங்காமல் எல்லோரும் காற்றுக்கு எதிர்ப்பக்கமாகப் போய் நின்றார்கள்.

மறுநாள் விடிய லொறி வருமா வராதா என்று தெரியாது. பெட்டிகளில் ஐஸ் இல்லை. அத்தானின் படகு கரைக்கு வந்தது. அன்றைக்குப் பார்த்து நல்ல பாடு, கூடை நிறைய உயிரோடு நண்டு. அத்தான் அக்காவின் வாடியைப் பார்த்தார். அக்கா வாசலில்தான் நின்றாள், நான் அவளுக்குப் பின்னால். அவர் கூடையைத் தோளில் வைத்துக்கொண்டு முதலாளியின் வாடிக்குப் போனார்.

அவ்வளவு தூரத்திலும் எல்லாம் தெரிந்தது. முதலாளியே எழுந்து வந்து அத்தானை வரவேற்றார். நிறுத்தார்கள். அன்றைய உச்ச விலையைக் கொடுத்தார். பிறகு அவருடைய ஆள் கூடைக்குள் கையை விட்டு மாதா நண்டை எடுத்து, நன்றாகத் தூக்கி, எல்லோரும் பார்க்கும்படி பிடித்துவிட்டு நீலக் கூடைக்குள் போட்டான்.

அக்கா அன்றே வாடியை மூடினாள். அத்தானை ஒரு சொல் ஏசவில்லை. பின்னேரம் சோறு போட்டுக் கொடுத்தாள், மீன் துண்டைக்கூட அவர் பக்கம் தள்ளி வைத்தாள். ஏசியிருந்தால் நான் அவ்வளவு பயந்திருக்கமாட்டேன்.

விலை இறங்கியது. இந்த முறை மெல்ல மெல்ல இறங்கவில்லை. முன்பு இருந்ததற்கும் கீழே போனது, தண்ணீர்க் கழிவும் கூடியது. போன நட்டத்தைத் திருப்பி எடுக்கத்தானே வேண்டும். ஊர் கோபப்பட்டது. முதலாளியின் மீது அல்ல, அக்காவின் மீது. "ஏலாதெண்டால் ஏன் துவங்கினவ? ஆசை காட்டிப்போட்டு இடையில விட்டிட்டா" என்றார்கள். மெழுகுதிரி கொளுத்தியவள் கோயில் வாசலில் வைத்து என்னிடமே சொன்னாள்: "கொஞ்சம் பொறுத்திருக்கலாம் ரீச்சர். எங்களை நினைச்செண்டாலும்."

நான் திருப்பிச் சொன்னதை இங்கே எழுதமுடியாது. கோயில் வாசல் என்றும் பார்க்கவில்லை.

சில மாதம் கழித்து முதலாளி அக்காவின் வீட்டுக்கு வந்தார். மாதா நண்டு எடுக்கிற ஆள் வெளிநாடு போய்விட்டானாம். நானும் அக்காவும் முற்றத்தில் மிளகாய் காயப்போட்டுக்கொண்டிருந்தோம்.

"கோயில் காரியம் தங்கச்சி. கண்டவனை நம்பிக் கூடைக்குள்ள கைவிடச் சொல்லேலாது. உங்கட கை சுத்தமான கை. ஊருக்கே தெரியும். சம்பளம் குறைவில்லாமல் தாறன்."

மனிதர் கேலி செய்யவில்லை. முகத்தில் உண்மையான அக்கறை இருந்தது. அதுதான் ஆதிக்கம் என்று இப்போது நினைக்கிறேன்: தோற்கடித்தவளுக்கு வேலை கொடுக்கிறபோதும் அவருக்கு அது தோற்கடித்ததாகவே தெரியாது. அக்கா விளக்குமாற்றை எடுப்பாள் என்று காத்திருந்தேன். எடுத்திருந்தால் நானும் ஒன்றை எடுத்திருப்பேன்.

"எத்தினை மணிக்கு வரவேணும்?" என்று கேட்டாள் அக்கா.

அவர் போன பிறகு அவளோடு சண்டை பிடித்தேன். எடுக்கமாட்டேன் என்று சொல்லித்தானே திறந்தாய் என்றேன். அவள் மிளகாயைப் பரவிக்கொண்டே இருந்தாள். காணி போய்விட்டது, சாப்பிட வேண்டாமா என்று மட்டும் கேட்டாள்.

பள்ளிக்கூட விடுமுறையில் ஒரு காலை நான் அந்த வாடிக்குப் போனேன். அக்கா தராசுக்குப் பக்கத்தில் நின்றாள். முதலாளி உள்ளே கதிரையில் இருந்தார். கூடைகள் வரிசையாக வந்தன. முன்பு இருந்த ஆள் மேலோட்டமாகப் பார்த்துக் கண்ணில் பட்ட பெரியதை எடுப்பான். சிலர் பெரிய நண்டை அடியில் ஒளித்து வைத்துத் தப்பிவிடுவார்கள். அக்காவிடம் அது நடக்காது. அவள் கை அடிவரைக்கும் போனது. இரண்டு மூன்றைத் தூக்கித் தூக்கிப் பார்த்து, சதை நிறைந்ததை, கூடையிலேயே பாரமானதை எடுத்தாள். அவள் எடுத்த பிறகு கூடையைப் பார்த்தால் ஏதோ பிள்ளையைப் பறிகொடுத்த வீடு மாதிரி இருந்தது.

முதன்முதலில் வெறும் ஐஸ் பெட்டியைத் திருப்பிக் கொண்டுவந்து வைத்தவர் வந்தார். அவருடைய கூடையில் நண்டு கொஞ்சம்தான். "அக்கா, அதை விட்டிட்டு மற்றதை எடுங்கோவன்" என்றார், தாழ்ந்த குரலில். "இண்டைக்கு அது ஒண்டுதான் உருப்படியா வந்தது."

"மாதாவுக்குச் சின்னதோ குடுப்பீங்கள்?" என்று கேட்டாள் அக்கா. "வலை கிழிஞ்சுபோகாதோ?"

அவள் அந்த நண்டை நீலக் கூடைக்குள் போட்டாள். எனக்கு உள்ளுக்குள் ஒரு குதூகலம் வந்தது. அதை மறைக்கப்போவதில்லை. இன்னும் எடு, எல்லாருடையதிலும் எடு என்று மனம் சொன்னது. அந்தக் கொடூரம் எனக்கு இனித்தது.

பிறகு அத்தான் வந்தார். வரிசையில் தன் முறை வரும்வரை நின்று, கூடையை இறக்கி வைத்தார். அக்கா நிறுத்தாள். நிறுத்துவிட்டுக் கையை உள்ளே விட்டாள். முதலாளி கதிரையிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"அது உங்கட வீட்டுக் கூடையெல்லோ தங்கச்சி. அதை விடுங்கோ. மாதா கோவிக்கமாட்டா."

வரிசையில் நின்றவர்கள் அவரை நன்றியோடு பார்த்தார்கள். தங்களுக்குக் கிடைக்காத இரக்கத்துக்கும் நன்றி. அத்தான்கூடத் தலையைக் கொஞ்சம் நிமிர்த்தினார்.

அக்கா நண்டுகளை ஒவ்வொன்றாக விலக்கி அடியில் கிடந்த பெரியதை வெளியே எடுத்தாள். அது இரண்டு கொடுக்கையும் விரித்துக்கொண்டு அவள் விரலைத் தேடியது.

"எல்லாருக்கும் ஒரு சட்டந்தான் முதலாளி" என்றாள்.

முதலாளியின் முகத்தில் ஒரு கணம், ஒரேயொரு கணம், என்ன சொல்வதென்று தெரியாத பார்வை வந்தது. பிறகு சிரித்தார். ஓமோம், அதுவும் சரிதான் என்று தலையாட்டினார். நண்டு நீலக் கூடைக்குள் விழுந்தது. அத்தான் அக்காவைப் பார்த்தார், அவள் அவரைப் பார்க்கவில்லை. அவர் வெறுங்கூடையைத் தூக்கிக்கொண்டு கழுவுவதற்காகக் கடலை நோக்கிப் போனார். அக்கா அடுத்த கூடையைத் தன் பக்கம் இழுத்தாள்.